நாரைக்காரனின் நோட்டு

ஜன்னல் கண்ணாடி துடைக்கப் பழைய செய்தித்தாள்தான் நல்லது, ஐயா. துணி கோடு போட்டுவிடும். எங்கள் தெருவிலேயே பளிச்சென்று இருப்பது என் ஜன்னல்தான். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு மூன்றாவது மாப்பிள்ளையும் கைநழுவியது அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

பின்பக்க ஜன்னலைத் திறந்தால் மலைக்குளம். மழை முடிந்ததும் அதன் மறுகரையில் ஓர் ஆராய்ச்சிக்காரன் கூடாரம் போட்டான். நாரைகள் நாளுக்கு எத்தனை தவளை தின்கின்றன என்று எண்ணுகிறானாம். கூடார ஓட்டையில் பீரங்கி மாதிரி ஒரு தொலைநோக்கி. அது குளத்தைப் பார்த்தது. குளத்துக்குப் பின்னால் என் அடுப்படி.

வெந்நீர் வாங்க வந்தவனிடம் கேட்டேன். "அப்படி என்னதான் தம்பி எழுதறே?"

"கண்ணுல படற எல்லாத்தையும்தான் அக்கா. நாரை அசையாம நிக்கும். தவளை அதைக் கல்லுன்னு நினைச்சுப் பக்கத்துல வரும். அவ்ளோதான், லபக்!"

எல்லாத்தையும் என்றான். அன்றிலிருந்து பின்பக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே சமைத்தேன். நான் கரண்டியை நக்கியது, மாமியார் படத்துக்கு நாக்கை நீட்டியது, எல்லாம் நோட்டில் ஏறியிருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உன்னை எவன்டி உக்காந்து பாப்பான்?" என்று சிரித்தார்.

அவருக்கென்ன தெரியும்? ஒரு மனுஷியைச் சும்மா பார்த்தே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ராத்திரி ஊருக்குள் ஓர் அறையில் தங்குவான். பனி மூடிய காலைகளில், பாதையோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே அவன் கூடாரத்துக்குப் போவான். வலப்பக்கம் பாறை முடிந்து பள்ளம். ஒரு மாலை கயிற்றின் கடைசி முடிச்சை அவிழ்த்து, பள்ளத்தோரப் புதரில் கட்டினேன். ஆறு தப்படிதான் மாற்றினேன். மறுநாள் விடிந்ததும் ஜன்னலருகே அசையாமல் நின்று காது கொடுத்தேன். அவன் கத்தவில்லை. கற்கள்தான் உருண்டன.

ஏழு மணிக்குப் பனி விலகியது. நாரை இரண்டு தவளை பிடித்தது; அவன் சார்பில் நானே எண்ணிக்கொண்டேன்.

கூடாரத்திலிருந்து நோட்டை எடுத்ததும் நான்தான். நாற்பது பக்கம். நாரை கழுத்தைத் திருப்பியதுகூட மணி, நிமிடத்தோடு இருக்கிறது. அடுப்படி இல்லை. நான் இல்லை. ஒரு வரி இல்லை.

அப்படி இருக்க முடியாதல்லவா, ஐயா? இன்னொரு நோட்டு எங்கோ இருக்கிறது. கயிற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த நோட்டை மட்டும் தேடி எடுத்து, யாரும் பிரித்துப் பார்க்காமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.