ஒன்பது வருடத்துக் கண்கள்

என் பெயர் நரசிம்மன். வயது 58. தகப்பனார் பெயர் சுப்பன். மணிமங்கலம் ஏரிக்கரைத் தெருவில் மனைவி ரத்னாவுடன் வசித்து வருகிறேன். கனரக வாகனம் ஓட்டும் உரிமம் வைத்திருக்கிறேன். குன்றத்தூரைச் சேர்ந்த அண்ணாதுரை என்பவருக்குச் சொந்தமான பேருந்தை ஓட்டி, எங்கள் பக்கத்து ஆட்களை ஓரகடத்தில் உள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப அழைத்து வருவது என் வேலை. கண்பார்வைக் குறைவோடு பேருந்தை ஓட்டி, ஸ்கூட்டரில் சென்ற தென்றல் என்ற பெண்ணின் மீது மோதிவிட்டதாக என் பேரில் வந்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது பொய். வெறும் பொய் என்று எழுதினால் போதாது, பச்சைப் பொய் என்று எழுதும்படி, இந்த வாக்குமூலத்தை எழுதும் தலைமைக் காவலர் லோகேஷ் அவர்களைக் கேட்டுக்கொண்டேன், அவரும் எழுதினார்.

என் கண்களைப் பற்றி முதலில் கேட்கப்பட்டதால் அதையே முதலில் சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு எனக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. எதிரே வரும் லாரி விளக்கு புஸ்வாணம் மாதிரி சிதறித் தெரியும். ஒருநாள் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் ஓரமாக நின்ற மாட்டை மிக அருகில் போன பிறகுதான் பார்த்தேன். அன்றே வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணைச் சரி செய்யாமல் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அதன் பிறகு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேசர் மூலம் முதலில் வலது கண்ணுக்கும், சில வாரம் கழித்து இடது கண்ணுக்கும் புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எங்கள் சுவரின் நிறம் நீலம் என்று தெரிந்தது. அதுவரை பச்சை, பச்சை என்று ரத்னாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். "இத்தினி நாளா இன்னா பேச்சு பேசின, இப்ப பாத்துக்கோ நல்லா" என்று அவள் சொன்னாள்.

அதன் பிறகு நான்கைந்து வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு வலது கண்ணில் லேசாகப் பனி மூடியதுபோல் தெரிந்ததால், புரை திரும்ப வந்துவிட்டது, இனி ஆள் அவ்வளவுதான் என்று ஸ்டாண்டில் பேசினார்கள். டாக்டரிடம் போனபோது, எடுத்த புரை திரும்ப வராது, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தோல்தான் மங்கியிருக்கிறது, பல பேருக்கு இப்படி ஆகும் என்று சொல்லி, உட்கார்ந்த இடத்திலேயே லேசரால் அந்தத் தோலில் சின்னத் திறப்பு போட்டுவிட்டார்கள். கத்தி இல்லை, கட்டு இல்லை. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை பளிச்சென்று இருக்கிறது. சில சமயம் கண் உலர்ந்து உறுத்தும், அதற்குச் சொட்டு மருந்து விடுகிறேன். கிட்டத்தில் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். வைத்தது தூரத்துக்கான லென்ஸ் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். சாலை தூரத்தில்தான் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன். பேருந்து நிறைந்து, சிலர் நின்றுகொண்டும் வந்தார்கள். முந்தின நாள் அந்தத் தொழிற்சாலையில் பூஜை முடித்து, வெள்ளைப் பூசணிக்காய்களில் குங்குமத்தைக் கொட்டி, கேட்டுக்கு முன்னால் உள்ள வளைவில் நடுச்சாலையில் உடைத்திருக்கிறார்கள். ஒருவரும் அதை அள்ளிப் போடவில்லை. அதன் மேல் மழைத் தூறலும் விழுந்திருந்தது. வளைவுக்கு வெகு முன்பாகவே அந்தப் பூசணித் துண்டுகளைப் பார்த்துவிட்டு நான் வேகத்தைக் குறைத்தேன். அப்போது என் இடதுபக்கமாக ஒரு ஸ்கூட்டர் முந்திக்கொண்டு போனது. அதை ஓட்டிய பெண் தென்றல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் ஹாரன் அடித்தேன். அதற்குள் அவள் முன்சக்கரம் அந்தச் சேற்றில் வழுக்கி, வண்டி ஒருபக்கமும் அவள் ஒருபக்கமுமாக விழுந்து, நேராக என் பேருந்துக்கு முன்னால் சறுக்கிக்கொண்டு வந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து என்னைத் திட்டினார்கள். பேருந்து நின்றபோது அவள் தலைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது.

அதன் பிறகு நான் இறங்கி ஓடினேன். கால் முறிந்து, மயங்கிக் கிடந்தாள். மூச்சு இருந்தது. அப்போது அந்தத் தொழிற்சாலையின் போக்குவரத்து சூப்பர்வைசர் இனியவன் என்பவர் கேட்டிலிருந்து வந்து, என் பேருந்தின் முன் டயரைக் காட்டி, "ஐயோ, ரத்தம்! ஏத்திட்டான்யா, குருட்டுப் பய ஏத்திட்டான்!" என்று கத்தினார். டயரில் சிவப்பு இருந்தது உண்மை. கூடிய கூட்டம் அதைப் பார்த்துவிட்டு என்னை அடித்தது. அது குங்குமம், குங்குமம் என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. பேருந்தில் வந்தவர்கள் பிரேக் அடித்ததைத்தான் உணர்ந்தார்களே தவிர, முன்னால் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கேட்டில் உள்ள கேமராவையும் பூஜைக்குக் கட்டிய வாழைமரம் மறைத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அந்தப் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், இனியவன் கொடுத்த புகாரின்பேரில் என்னை இக்காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். என் முதலாளி அண்ணாதுரை வந்து என்னைத் தனியே கூப்பிட்டு, "நரசிம்மா, பிரேக்கு கோளாறுன்னா வண்டி மாட்டிக்கும். கண்ணு சரியா தெரியலன்னு சொல்லிட்டு நீ வூட்ல உக்காரு. உன்ன நான் பாத்துக்கறேன். வேற ஆளு போட்டுக்கறேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "முதலாளி, பாத்துதான் நிறுத்தினேன். பாக்கலன்னு எப்படி என் வாயால சொல்லச் சொல்ற?" என்று கேட்டேன். அவர் கிளம்பிப் போய்விட்டார். ஜெயிலுக்குக்கூட நான் பயப்படவில்லை. ஸ்டியரிங்கை விட்டு என்னை இறக்கிவிடுவார்களே என்றுதான் பயந்தேன். அந்தப் பெண்ணின் தாயார் கங்கா வந்து, என் கண் அவிந்துபோக வேண்டும் என்று மண்ணை வாரித் தூற்றினார். பெற்ற வயிறு, அவரைக் குறை சொல்லமாட்டேன்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் காவேரி அவர்கள் முன்னிலையில் இனியவனிடம் விசாரணை நடந்தது. நான் டிரிப் ஷீட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பதைத் தான் பலமுறை பார்த்ததாகவும், அதனால் எனக்குப் பார்வை இல்லை என்றும் அவர் சொன்னார். அதோடு விடாமல், "எங்க லைன்ல இருக்கற கேமரா லென்ஸையே மூணு வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்திடுவோம் மேடம். இவரு கண்ணுல இருக்கறது ஒன்பது வருஷத்து லென்ஸு. லைஃப் எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இது உன் கம்பெனி பார்ட் இல்லப்பா, ஆயில் மாத்தி சர்வீஸ் வுடறதுக்கு" என்று சொன்னேன். நிலையத்தில் எல்லோரும் சிரித்தார்கள், இனியவனைத் தவிர.

அதன் பிறகு என்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கண் டாக்டர் ஒரு பெண்மணி. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிசைவரை கடகடவென்று படித்தேன். ஒவ்வொரு கண்ணாக மூடியும் படித்தேன். பக்கவாட்டுப் பார்வையும் பார்த்தார்கள். பிறகு கண் பாப்பாவைப் பெரிதாக்கும் மருந்து விட்டு உள்ளே நெடுநேரம் பார்த்தார்கள். "லென்ஸு வெச்ச எடத்துல வெச்சபடியே கீது பெரியவரே. கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸுக்குக் காலாவதி தேதி கெடையாது, ஆயுசுக்கும் இருக்கும். பின்னாடி நரம்பும் நல்லா கீது. வருஷா வருஷம் வந்து காட்டுங்க, அது போதும்" என்று சொல்லி, பேருந்து ஓட்டத் தகுதி உண்டு என்று சான்று கொடுத்தார்கள். நான் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்தபோது மருந்தினால் வெயிலில் கண் கூசியது, ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அவர்கள் இனியவனையும் கூட்டிக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்து, டயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பள்ளங்களில் ஒட்டியிருந்ததைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். குங்குமமும் பூசணி விதைகளும் வந்தன. "இன்னா சார், ரத்தத்துல வெத இருக்குமா?" என்று இனியவனைக் கேட்டார்கள். நடுச்சாலையில் உடைக்கச் சொன்னது தான்தான் என்றும், அள்ளிப் போட ஆள் அனுப்ப மறந்துவிட்டதாகவும், அது மேலிடத்துக்குத் தெரியாமல் இருக்கவே என்னைச் சொன்னதாகவும் பிறகு ஒப்புக்கொண்டார். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கைச் சோதித்துச் சரியாக இருப்பதாகச் சொன்னார்.

நேற்று தென்றல் நன்றாகப் பேசும் நிலைக்கு வந்ததால் உதவி ஆய்வாளர் அவர்கள் மருத்துவமனைக்குப் போய் விசாரித்தார்கள். என்னையும் வாசலில் நிற்கச் சொன்னார்கள். காலில் கட்டோடு படுத்திருந்த அந்தப் பெண் என்னைக் கண்டதும், "டிரைவர் மாமா, நான் கீழ விழுந்து வரும்போது உங்க பஸ்ஸுதான் மேல வருதுன்னு நெனச்சி கண்ண மூடிக்கினேன். அது வரவேயில்ல" என்று சொல்லி அழுதது. அந்தத் தாயார் எழுந்து வாசலுக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று சொன்னேன், உதவி ஆய்வாளர் எழுதச் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை முதலாளி அண்ணாதுரை மறுபடி வந்தார். வேறு ஆள் ஓட்டிய மாற்று வண்டியில் பாதிப் பேர் ஏறவில்லை என்றும், நரசிம்மன் எங்கே என்று கேட்டு மணிமங்கலத்தில் அப்படியே நிற்கிறார்கள் என்றும் சொன்னார். "உன்ன நம்பாதது என் தப்புடா. வா, வண்டிய எடு" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொண்டார். முதல் தகவல் அறிக்கையில் பார்வைக் குறைவுள்ள ஓட்டுநர் என்று எழுதப்பட்டிருப்பது தவறு என்று இறுதி அறிக்கையில் குறிக்கவும், ஓட்டுநர் பார்த்ததனால்தான் பேருந்து நின்றது, அதனால்தான் அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியது எல்லாம் என் வாயால் நான் சொன்னது. எவர் மிரட்டியும் சொல்லவில்லை, எவருக்குப் பயந்தும் மறைக்கவில்லை. தலைமைக் காவலர் படித்துக் காட்டினார், கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம். உதவி ஆய்வாளர் உத்தரவின்பேரில் பேருந்தின் சாவியை முதலாளி கையிலிருந்து இப்போது பெற்றுக்கொண்டேன். இரண்டாவது ஷிப்டுக்கு ஆட்களை ஏற்ற வேண்டும்.

(ஒப்பம்)
சு. நரசிம்மன்,
பேருந்து ஓட்டுநர்.