லோரெலிக்கு வந்த ஜீவனாம்சம்

வக்கீல் ஐயா, நேற்று நீங்கள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பியை நான்தான் குடித்தேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. எலிசெயோ உங்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பியிருந்தான்: என் மகளை எங்கே வைத்திருக்கிறாள்? எழுதித் தருகிறேன் என்றேன். மருந்துக்கடையில் பத்தொன்பது வருடம் எழுதிய கை இது. பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

அவன் முதன்முதலில் எங்கள் கடைக்கு வந்தது கடல்மயக்க மாத்திரை வாங்க. கப்பலில் வேலை பார்ப்பவனுக்குக் கடல்மயக்கமா என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். மணிலாவில் அவனுக்கு மனைவி இருக்கிறாள் என்று தெரிந்தபோது லோரெலி என் வயிற்றில் ஐந்து மாதம்.

குழந்தைக்கு இரண்டு வயதானபோது அவனைப் பஞ்சாயத்துக்கு அழைத்தேன். செயலாளர் பூரிதா அக்கா சட்டப் புத்தகத்தைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சோறு, தங்குற இடம், துணி, மருந்து, படிப்பு. இத்தனையும் சேந்ததுதான் ஜீவனாம்சம். ஏதோ போனாப் போகுதுன்னு குடுக்கிற தர்மம் இல்ல. புரியுதா எலிசெயோ?"

"மருந்துக்கடைக்காரிக்கு மருந்துக்கும் நான்தான் குடுக்கணுமா அக்கா?" என்றான் அவன்.

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பூரிதா அக்கா சிரிக்கவில்லை. "குடுக்கணும். கையெழுத்தைப் போடு," என்றார்.

போட்டான். தன் மனைவிக்குத் தெரியக்கூடாது, குழந்தையைக் கூட்டிக்கொண்டு நான் மணிலா வரக்கூடாது என்பது அவன் நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். பணம் மாதாமாதம் வந்தது. மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி வந்ததில்லை.

லோரெலிக்கு ஆறு வயதில் டெங்குக் காய்ச்சல் கண்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் கிடைக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். கடை முதலாளி பாதி தந்தார். மீதிக்கு, கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கெஞ்சி, துறைமுகத்தில் நின்ற அவன் கப்பலுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"காய்ச்சல்னு சொல்லி மூணு மாசப் பணத்த ஒரேயடியாக் கறக்கப் பாக்குறியா?" என்றான்.

"பஞ்சாயத்துல மருந்தும் சேத்துத்தான சொன்னாங்க."

"மருந்துன்னா இருமல் மருந்து. ஆஸ்பத்திரி அதுல வராது. டாக்டர் சீட்டு அனுப்பு, பாத்துட்டுச் சொல்றேன்."

தொலைபேசியை வைத்துவிட்டான். மூன்றாம் நாள் விடியற்காலையில் லோரெலி இறந்தாள். அவன் கேட்ட டாக்டர் சீட்டு அன்று மத்தியானம் என் கைக்கு வந்தது. இறப்புச் சான்றிதழிலும் டாக்டர்தானே கையெழுத்துப் போடுகிறார். அதை நான் தபாலில் சேர்க்கவில்லை.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் முகம் வாடியிருப்பான். மறுநாள் சாப்பாட்டு மேசையில் சீட்டாடியிருப்பான். அவனுக்கு மகளே இருந்ததில்லை. இல்லாததை எப்படி இழப்பான்? முதலில் அவனுக்கு ஒரு மகள் கிடைக்க வேண்டும். ஆகவே, "காய்ச்சல் விட்டுவிட்டது, உன்னைக் கேட்கிறாள்" என்று எழுதினேன்.

பிறகு அவள் எழுதுவதுபோல இடதுகையால் எழுதத் தொடங்கினேன். முதல் கடிதத்தில் முன்பல் விழுந்த செய்தி. அடுத்ததில் தவளைக்குப் பயம். அதற்கு முதன்முறையாகப் பதில் வந்தது: அவன் அம்மாவுக்கும் தவளை என்றால் பயமாம். அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். வேலை நன்றாக நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டுச் சிறுமியைப் பாட வைத்து ஒலிநாடா அனுப்பினேன். பள்ளிச் சீருடையில் அவளை முதுகுப்பக்கமாகப் படம் எடுத்தேன். முகம் ஏன் தெரியவில்லை என்று கேட்டான். "உன்னைப் பார்த்தால்தான் திரும்புவாளாம்" என்று எழுதினேன். அந்தப் படத்தைப் படுக்கைக்கு மேலே ஒட்டியிருப்பதாகவும், கூட வேலை பார்ப்பவர்கள் 'லோரெலி அப்பா' என்று தன்னைக் கூப்பிடுவதாகவும் பதில் போட்டான். குடிப்பதை நிறுத்தினான். கேட்காமலே பணத்தைக் கூட்டினான். அவன் மனைவிக்குக் குழந்தை இல்லை. ஐந்தாம் வருடம் அவள் இறந்தபோது, அவனுக்கு உலகத்தில் இருந்தது என் இடதுகை எழுத்து மட்டும்தான்.

வேலையை விட்டுவிட்டு வருவதாகவும், மகளுக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுக்கப்போவதாகவும் எழுதினான். வந்தான். அளவு தெரியாததால் ஒரே மாதிரிச் செருப்பை மூன்று அளவில் வாங்கி வந்திருந்தான். தலைக்குச் சாயம் பூசியிருந்தான்.

"பள்ளிக்கூடம் விட நேரமாகுமா, தோரா?" என்றான்.

இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். "நீ கேட்ட டாக்டர் சீட்டு," என்றேன். கூடவே வங்கிப் புத்தகத்தையும் வைத்தேன். லோரெலி போன பிறகு அவன் அனுப்பியதில் ஒரு பெசோகூட நான் எடுக்கவில்லை. மோசடி வழக்குப் போடலாமா என்று நீங்கள் யோசிக்க வேண்டாம்.

தேதியை விரலால் தடவிப் பார்த்தான். அழவில்லை. "அப்ப அந்தத் தவள?" என்றான். பிறகு, "எங்க வச்சிருக்க அவள? அங்கயாவது கூட்டிட்டுப் போ," என்றான். அன்று அதை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் நகராட்சிக் கல்லறையில் ஏழைகளுக்கு மண் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சுவரில் அடுக்கடுக்காகக் கட்டிய அறைகள்தான். ஐந்து வருட வாடகை. லோரெலி கீழிருந்து மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவன் வருவதற்கு ஒரு மாதம் முன்பு கல்லறைக் காவலாளி பிடியோங் கடைக்கு வந்தார்.

"தவணை முடியுது, மகளே. மறுபடி கட்டலன்னா எலும்ப எடுத்து, சாக்குல கட்டிப் பொதுக்குழியில போட்டுருவோம். உனக்காக ரெண்டு வாரம் பொறுக்கிறேன்."

"பொறுக்க வேண்டாம்," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "சரி, சாக்குலயாவது பேரு எழுதி வைக்கிறேன். என்னைக்காவது தேடுவ."

"எழுதாதீங்க."

வாடகைக்குப் பணம் என் கைப்பையில் இருந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவனுக்கு மகளைக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டேன். விழுந்து அழ ஓர் இடம் மிச்சமிருந்தது. அதையும் எடுத்தேன். பெயர் இல்லாத நூற்றுக்கணக்கான சாக்குகளுக்கு நடுவே அவள் இருக்கிறாள். எந்தச் சாக்கு என்று பிடியோங்குக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் மறைக்கிறேன் என்று அவன் நினைப்பது தவறு. இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். நான் வருந்தவில்லை.

அவன் திரும்பி வந்த பிறகு இரண்டு நவம்பர்கள் போய்விட்டன. இறந்தவர்களின் திருநாளில் ஊரே கல்லறையில் கூடும்போது அவனும் வருகிறான். சுவர் அறைகளில் அவள் பெயரைத் தேடிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல், முனையிலிருந்து முனைவரை நடக்கிறான். நானும் இரண்டு வருடமும் போனேன். அவன் அலைவதைப் பார்க்க மட்டும்தான். அன்றைக்கு அங்கே வெறுங்கையோடு நின்றால் பார்ப்பவர்கள் ஏதாவது நினைப்பார்கள் என்று ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோகிறேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், உருகி முடியும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.