நீக்காத எச்சரிக்கை: லெப்டினன்ட் டாக்கெட் அவர்களுக்குக் கட்டுப்பாட்டு அறை வாசித்தளித்த மடல்

பெருமதிப்பிற்குரிய லெப்டினன்ட் ராய்ஸ் டாக்கெட் அவர்களே! கடமையே கண்ணெனக் கருதிக் காலையும் மாலையும் காவல் காரில் களம் கண்டவரே! வெண்டல் க்ராசிங் நகரின் வீதிகள் அனைத்தும் விலகி வழிவிட வலம் வந்த வித்தகரே! மார்பில் மின்னும் பேட்ஜை மாசு படியாமல் மணிக்கணக்கில் துடைத்து மகிழ்ந்த மாண்பாளரே! வணக்கம்.

ஓய்வு பெறுபவருக்குப் பாராட்டு மடல் எழுதுவது நம் துறையில் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பு. தெருவில் நிற்கும் காவலரின் முகத்தை மற்றவர்கள் பார்க்கிறார்கள். காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான் அவர் மூச்சு வாங்குவதையும் எச்சில் விழுங்குவதையும் கேட்கிறோம். அதனால் வந்த வழக்கம் இது. அந்த உரிமையில், இருபத்தொரு ஆண்டுகளாக அந்த அறையில் இருக்கும் டோலரஸ் விங்ஃபீல்டாகிய நான், எங்கள் ஐவர் சார்பிலும் இதை வாசிக்கிறேன்.

நம் தலைவர் திரு. பிராண்ட் மூன்று நாள் முன்பு என் மேசைக்கு வந்தார். "ரெண்டு பக்கம் போதும் டோலரஸ். உனக்குத்தான் நல்லா எழுத வருமே. அந்த மார்ச் மாச விஷயமெல்லாம் வேணாம், அது முடிஞ்சு போச்சு" என்றார். நான் எழுதிக் காட்டியதைப் படித்து மகிழ்ந்து கையெழுத்தும் போட்டார். அந்த மடல் என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கொண்டுவந்தது அவர் பார்க்காத இந்த மடல்தான். தங்கள் பேரப்பிள்ளைகள் வெளியே புல்வெளியில் பந்து விளையாடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே தொடங்கியிருக்கிறேன்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறோம். ஆற்று வெள்ளத்தில் பள்ளி வேன் கவிழ்ந்த அன்று, கழுத்தளவு நீரில் இறங்கி இரண்டு குழந்தைகளைத் தோளில் தூக்கி வந்த தங்கள் தீரத்தை இந்த ஊர் மறக்கவில்லை. நாங்களும் மறக்கவில்லை. கரையேறியதும் வயர்லெஸ்ஸில் தாங்கள் பேச முடியாமல் அழுததைக் கேட்டவள் நான். அந்த மனிதருக்கு மடல் எழுதியிருந்தால் இந்தச் சட்டத்துக்குத் தங்கமுலாம் பூசியிருப்போம்.

ஆசிரியராகவும் தாங்கள் ஆற்றிய அருந்தொண்டு அளப்பரியது. ஒன்பது ஆண்டுகள், இலையுதிர்காலம்தோறும், நகரக் கல்லூரியில் 'அமெரிக்கச் சமூகத்தில் காவல்: ஓர் அறிமுகம்' என்ற பாடத்தை நடத்தினீர்கள். எங்கள் அறையில் பழையவர், புதியவர் எல்லோரும் அதில் தேற வேண்டும் என்பது விதி. மக்கள் சம்மதித்துக் கொடுத்த அதிகாரம்தான் நம் அதிகாரம் என்றீர்கள். துப்பாக்கியை எடுக்கும் முன் காதைத் தீட்டு என்றீர்கள். எழுதிக்கொண்டோம். எங்களில் அதிக மதிப்பெண் வாங்கியவள் கிளெண்டா மாஃபிட். முன் வரிசையில் உட்கார்ந்து, தாங்கள் இருமினால்கூடக் குறிப்பெடுத்தவள்.

அவள் பெயர் தங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. எங்கள் யாருடைய பெயரையும் தாங்கள் சொன்னதில்லை. எல்லோரும் தங்களுக்குத் 'தங்கம்'. "தங்கம், காபி இருக்கா?" "தங்கம், நீ ஃபோனை எடு, போலீஸ் வேலைய நான் பாத்துக்கறேன்." அன்று சிரித்தோம். உத்தியோகத்தில் மேலே இருப்பவர் சொன்னால் சிரிப்பதும் வேலையில் ஒரு பகுதிதான் என்று நினைத்துவிட்டோம்.

இனி, முடிந்துபோனதாகத் தலைவர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. சிக்கமோர் தெரு முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் வீட்டிலிருந்து ஒடெஸா ப்ரூயிட் என்ற அம்மா அழைத்தார். டயர் கடையில் வேலை பார்த்துவந்த அவர் மகன் டெஸ்மண்டுக்கு வயது இருபத்து நான்கு. மனநிலை சரியில்லாமல் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒரு துணை வேண்டும் என்று கேட்டார். எடுத்தவள் கிளெண்டா.

"சைரன் போடாம வரச் சொல்லும்மா, அவனுக்குச் சத்தமே ஆகாது. கையில டிவி ரிமோட்ட வெச்சிருக்கான், கீழ வைக்கவே மாட்டேங்கறான். வேற ஒண்ணும் கிடையாது. நல்ல பையன்மா."

"நான் சொல்லிடறேங்க. நீங்க பக்கத்துலயே இருங்க, லைனை வெச்சிடாதீங்க."

அருகில் இருந்த கார் தங்களுடையது. தங்கள் காரிலிருக்கும் கணினித் திரையில் அந்த வீட்டு எண்ணைத் தட்டியதும் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது: துப்பாக்கி வைத்திருப்பவர், காவலரைத் தாக்கக்கூடியவர். அந்த எச்சரிக்கை ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியிருந்த வேறொருவரைப் பற்றியது. அவர் டெக்சஸுக்குப் போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. தங்கள் ஆணைப்படி அதை அன்று தட்டச்சு செய்தவள் நான். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளின் பட்டியலை ஒவ்வொரு ஜனவரியிலும் பார்த்து, ஆள் மாறிய வீடுகளை நீக்க வேண்டியவர் லெப்டினன்ட். ஐந்து ஜனவரிகளிலும் பட்டியல் தங்கள் மேசைக்கு வந்தது. ஐந்து முறையும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். தாள்களைப் பிரிக்க முடியாதபடி நடுவில் குத்திய குண்டூசி ஐந்து ஆண்டும் கழற்றப்படவே இல்லை.

அன்று வயர்லெஸ்ஸில் நடந்த பேச்சு இது. பக்கத்து நாற்காலியில் இருந்து என் காதால் கேட்டேன்.

"ஆயுதம் எதுவும் இல்லைன்னு அம்மா சொல்றாங்க சார். கையில டிவி ரிமோட். சைரன் வேண்டாம்னு கேட்டுக்கறாங்க."

"வீட்டு மேல எச்சரிக்கை போட்டிருக்கே."

"அது பழசு சார். ஆள் வேற. இவங்க குடிவந்து நாலு வருஷம் ஆச்சு."

"தங்கம், எனக்குப் படிக்கத் தெரியும்."

சைரன் அலறியபடியே போனீர்கள். காரிலிருந்து இறங்கிய பதினோரு விநாடிகளில், தங்கள் குண்டு பாய்ந்து டெஸ்மண்ட் ப்ரூயிட் பின்வாசல் படியில் செத்துக் கிடந்தான். அவன் அம்மா லைனை வைக்கவில்லை. அதையும் கிளெண்டாதான் கேட்டாள்.

மனிதன் தவறுவான். அன்று மாலை தாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டு, "அவ சொன்னா, நான் கேக்கல" என்று ஒரு வரி எழுதியிருந்தால், இந்த மடலின் தொனி வேறாக இருந்திருக்கும். தாங்கள் எழுதிய அறிக்கையின் நான்காவது வரி எனக்கு மனப்பாடம்: 'அவரிடம் துப்பாக்கி இருப்பதாகக் கட்டுப்பாட்டு அறை தெரிவித்தது.' ஆறே சொல்லில் அடங்கிய அந்த வரி பதினான்கு ஆண்டு வேலை பார்த்த ஒருத்தியை நாற்காலியிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பியது. செய்தித்தாளில் அவள் பெயர் வந்தது. கடையில் பால் வாங்கப் போனவளைப் பார்த்து ஒருவர் துப்பினார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒடெஸா ப்ரூயிட்டும் அந்த வரியை நம்பினார். தன் காதோடு பேசி, தைரியம் சொல்லி, லைனிலேயே கூட இருந்த பெண்தான் தன் மகனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஆறு மாதம் நம்பினார். அவரைப் பார்க்க கிளெண்டா ஒருமுறை போனாள். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே?" என்று கேட்டு அவர் கதவைச் சாத்தினார். கிளெண்டா வாசலிலிருந்தே திரும்பி வந்தாள். விசாரணை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. எங்களுக்கும் அதே உத்தரவு. நாங்கள் ஐவரும் உத்தரவைக் காட்டி எங்கள் பயத்தைப் பொத்தி வைத்துக்கொண்டோம். வெட்கமாக இருக்கிறது.

விசாரணை அதிகாரிகள் ஒலிப்பதிவைக் கேட்பதற்கு முந்தின வாரம் தாங்கள் ஓய்வுக்கு விண்ணப்பித்தீர்கள். நம் துறையின் நெடுநாள் வழக்கப்படி, விசாரிக்கப்படுபவர் ஓய்வு பெற்றால் விசாரணையும் கூடவே ஓய்வு பெறும். முழு ஓய்வூதியம், முழு மரியாதை, மரப்பலகையில் பதித்த பேட்ஜ், இதோ இந்தக் கேக். விசாரணை இல்லையென்றால் அந்த ஒலிப்பதிவும் சாட்சியம் இல்லை. சாட்சியமாகாத பதிவு நூற்றெண்பதாம் நாள் இயந்திரத்தில் தானாக அழியும். அந்த நாள் வரும் செவ்வாய்க்கிழமை. வேலைநீக்கத்தை எதிர்த்துக் கிளெண்டா செய்த மேல்முறையீடு அதற்கடுத்த வாரம். வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியவள் அவள். இவ்வளவு நேர்த்தியாக நாள் பார்த்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பதிவைப் பிரதி எடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை, எடுக்கவும் இல்லை. ஆனால் அழைத்தவரே கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். தங்கள் பாடத்தின் ஏழாவது வாரத்தில் அது வரும். எந்தப் படிவம், எந்தக் கவுண்டர், எந்தக் கிழமை என்று ஒரு தாளில் எழுதி, ஒடெஸா ப்ரூயிட்டின் தபால் பெட்டியில் போட்டோம். என் பெயரையும் எழுதியே போட்டேன்.

இன்று காலை அவர் வந்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆவண அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார். 'அது பழசு சார், ஆள் வேற' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டார். அப்படி நான்கு முறை. பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?" என்றார். அழைத்துக் கொடுத்தேன். முதலில் அவர்தான் பேசினார்.

"நீ சொல்லியிருக்கேம்மா. நான் கேட்டுட்டேன். நீ சொல்லியிருக்கே."

கிளெண்டா என்ன பதில் சொன்னாள் என்பதை இங்கே வாசிக்க மாட்டோம். அது அவர்கள் இருவருக்கும் உரியது. அங்கிருந்து ஒடெஸா ப்ரூயிட் நேராகத் தன் வழக்கறிஞரிடம் போனார். பதிவு வழக்கறிஞரின் கைக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்த பிறகே இந்த மண்டபத்துக்குள் நான் கால் வைத்தேன். எங்கள் ஐவருக்கும் திங்கட்கிழமை வேலை இருக்குமா என்று தெரியாது. தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்; எங்களுக்கு முன்னால், முதல் கையெழுத்து கிளெண்டாவுடையது.

வாழ்த்தி விடைகொடுக்கும் நேரம் வந்துவிட்டது. லெப்டினன்ட் டாக்கெட் அவர்களே, தாங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெற்று நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நெஞ்சார வேண்டுகிறோம். இது சம்பிரதாயச் சொல் இல்லை. எங்களைவிட உண்மையாக இதை வேண்டுபவர் இந்த மண்டபத்தில் எவரும் இல்லை. நம் மாவட்ட நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கு முடிய ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை தங்கள் இதயம் சீராகத் துடிக்கட்டும். நினைவு நீங்காமல் இருக்கட்டும். செவி துல்லியமாகக் கேட்கட்டும். ஒடெஸா ப்ரூயிட் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அந்தப் பதிவை நீதிபதி ஒலிக்கவிடும் நாளில், தாங்கள் கட்டாயம் உயிரோடு இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள், வெண்டல் க்ராசிங் காவல் துறை

கிளெண்டா மாஃபிட்
டோலரஸ் விங்ஃபீல்ட்
கர்டிஸ் யோடர்
பெவர்லி ஸ்ட்ரெய்ட்
நாதன் கிரப்
மார்சி லுடிங்டன்