நாய்க்குப் போட்ட ஈரல்

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு முற்பகல், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஆட்டுக்கறிக் கடைக்காரர் தம் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஆட்டு ஈரல்ல பார்த்த நீர்க்கட்டி, இப்போ என் ஈரல்லயே வந்துகீதாம்மே."

ஸ்கேன் படம் இருந்த உறை கசங்காதபடி மடியில் வைத்திருந்த அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டார்.

"ஆட்டு ஈரல்ல கட்டி இருந்தா இன்னா பண்ணுவ?"

"அறுத்து, கடவாசல்ல படுத்துகினு கீற நாய்ங்களுக்குப் போடுவேன். எங்கப்பன் காலத்துலேர்ந்து அதான்."

"அதான் டாக்டர் போன தடவயே சொன்னாரே. அத்தத் துன்னா நாய் வயித்துல புழுவாவுது. அதோட முட்டை நாய் முடியெல்லாம் ஒட்டிக்கினு கீது. நீ நாயத் தடவிட்டு அதே கையால நாஸ்தா துன்ற."

"சரி வுடு. ஆபரேசன்லாம் வாணாம். ஊசி குத்தித் தண்ணிய உறிஞ்சறவன் ஒருத்தன் கீறானாம், மச்சான் சொன்னான்."

"உள்ளாற உடைஞ்சா உசுருக்கே ஆபத்துன்னாரு டாக்டர். ஆட்டு ஈரல்ல நீ கட்டியக் குத்தியா எடுக்கற?"

"சேச்சே! உடைஞ்சா ஈரலே நாஸ்தி. சுத்தி அறுத்து முழுசா எடுப்பேன்."

"நீ ஆட்டுக்குச் செய்யறத அவரு உனக்குச் செய்யமாட்டாரா? அதுக்குத்தானேயா படிச்சிருக்காரு!"

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் ஸ்கேன் உறையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, தொழிலை ஒப்படைப்பவரின் குரலில் சொன்னார்.

"நான் ஆஸ்பத்திரில கீறப்போ நீதான் கடயப் பாத்துக்கணும். கட்டி வந்த ஈரல நாய்ங்களுக்குப் போடாத. ஆழமா குழி தோண்டிப் பொதச்சிடு."

"குழி நேத்தே தோண்டிட்டேன் மாமா," என்றார் அந்த அம்மாள்.