பின்னால் வந்த ஒரே லாரி

இந்தக் காபியைக் குறை சொல்ல மாட்டேன். ஃபெர்ரிப் படகில் விற்கிற காபியோடு பார்த்தால் இது விருந்து. நீங்களும் அவசரப்படாமல் கேட்கிறீர்கள், அதனால் நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஓட்வார். வார நாட்களில் சால்மன் மீனை ஓஸ்லோவுக்குக் கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறேன். நார்வேயில் அந்த வேலைக்கு எத்தனையோ பேர் கிடைப்பார்கள். சரக்கு தாமதமானால் கத்துவார்கள். மற்றபடி அந்த லாரிக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. குளிர்காலம் வந்தால் சனி, ஞாயிறுகளில் பக்கவேலை. எங்கள் மலைச்சாலையில் ஒப்பந்தக்காரருக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டினேன்.

புயல் அடிக்கும்போது மலைமேல் தனியாகப் போக விடமாட்டார்கள். அடிவாரத்தில் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு, எல்லோரையும் வரிசையில் நிறுத்துவார்கள். நான் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பாடம் சொல்வேன். டீசல் போதுமா, கம்பளி உடுப்பு இருக்கிறதா, முன்னால் போகும் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காதே, விளக்கு மறைந்தால் அங்கேயே நில், என்ன ஆனாலும் வண்டியை விட்டு இறங்காதே, நானே திரும்பி வந்து கூட்டிப்போவேன். இறங்கி நாலடி நடந்துவிட்டுத் தன் வண்டியையே கண்டுபிடிக்க முடியாமல் விறைத்துச் செத்தவர்கள் உண்டு. பிறகு கட்டை உயரும். நான் முன்னால், வரிசை முழுவதும் என் பின்னால். விலை உயர்ந்த காரில் வருகிற டாக்டரும் வாயை மூடிக்கொண்டு என் விளக்கைப் பார்த்தபடி வருவார். எனக்கு அது பிடித்திருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டெய்னாரும் எங்கள் கம்பெனிதான், அதே மீன்தான். ஃபெர்ரி கேன்டீனில் வாஃபிள் அப்பத்துக்குள் பழுப்புச் சீஸை மடித்து வைத்துச் சப்பென்று சத்தம் போட்டுத் தின்பான். என்னைக் கண்டால் போதும். "மலைராஜா வர்றாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்பான். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவன் தின்கிற சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லாரி ஓட்டுகிறவன் வேறு வேலை பார்த்தால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், வார ஓய்வையும் முழுதாக எடுக்க வேண்டும் என்பது சட்டம். நான் சொல்லவில்லை. ஸ்டெய்னார் எனக்காகச் சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்காமல், ஃபெர்ரியில் என்னைத் தேடி வந்து எதிரே உட்கார்ந்தான்.

"நான்தான்டா முதலாளிகிட்ட சொன்னேன். முதுகுக்குப் பின்னாடி பேசுற பழக்கம் எனக்கில்ல. அன்னிக்கு டனல்ல நீ கண்ண மூடிக்கிட்டே என் பக்கம் வந்துட்டே. நான் ஒதுங்கலேன்னா ரெண்டு பேருமே இன்னிக்கு இல்ல. போய்த் தூங்குடா."

நான் கண்ணை மூடவில்லை, சிமிட்டினேன். அதை அவனிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, மீனா பனியா, ஏதாவது ஒன்றை விடு என்றார். மீனை விட்டால் வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும். ஆக, போன ஞாயிற்றுக்கிழமைதான் மலையில் எனக்குக் கடைசி நாள்.

அன்று மதியம் புயல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு வண்டி நின்றது. ஸ்டெய்னாருடைய லாரி. ஜன்னலைத் தட்டி, மற்றவர்களுக்குச் சொல்கிற பாடத்தை ஒரு வார்த்தை குறையாமல் அவனுக்கும் சொன்னேன்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதாடா?" என்றான்.

"தெரிஞ்சாலும் சொல்லணும். நான் வர்ற வரைக்கும் எறங்காதே."

"எறங்க மாட்டேன். நீ முன்னாடி இருக்கறப்ப எனக்கென்ன பயம்" என்றான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

மலையுச்சியில் ஏரியை ஒட்டிச் சாலை சமமாகப் போகும். அங்கே செல்போன் எடுக்காது. அங்கேதான் நான் வேகத்தைக் கூட்டினேன். கண்ணாடியில் அவனுடைய இரண்டு விளக்குகளும் மங்கின, பிறகு காணவில்லை. அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். நல்ல டிரைவர். நின்றுவிடுவான், இறங்க மாட்டான்.

மறுபக்கத்துக் கட்டையை அடைந்ததும், எத்தனை வண்டி வந்தது என்று கட்டுப்பாட்டு அறைப் பெண் வயர்லெஸ்ஸில் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. நின்ன ஒரு லாரியும் திரும்பிப் போயிடுச்சு" என்றேன்.

நன்றி சொன்னாள், பத்திரமாக வீட்டுக்குப் போகச் சொன்னாள். சாலையை முழுவதுமாக மூடிவிட்டார்கள். நான் வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மீன் உருண்டை சாப்பிட்டேன், படுத்தேன். ஸ்டெய்னார் ஆசைப்பட்டபடி அன்றைக்கு முழு ஓய்வு எடுத்தேன்.

கட்டைக்கு மேலே கேமரா இருப்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு வண்டியும் உள்ளே போனது அதில் இருக்கும். அதை நான் அழிக்கவில்லை, அன்று யாரும் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அவனைத் தோண்டி எடுத்தவர்கள் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். புகைக்குழாயைப் பனி மூடி, புகை உள்ளே திரும்பிவிட்டதாம். இருக்கைப் பட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் கிடந்த சாமான்களை எடுத்துக் கீழே வைத்து, ஒரு ஆள் உட்கார இடம் செய்து வைத்திருந்தானாம்.

நான் அவனை அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. நான் சொன்னபடி அவன் நடந்தான். நான் சொன்னபடி நான் நடக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றோ, வண்டி கோளாறு என்றோ சொல்லப்போவதில்லை. வண்டி அருமையாக ஓடியது, திரும்பிப் போயிருக்கலாம். அவன் சாகட்டும் என்றுதான் விட்டுவிட்டு வந்தேன். வாக்குமூலத்தில் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த வாரம் மேலே யாரை அனுப்பியிருக்கிறார்கள்? அது எல்லோராலும் ஆகிற வேலை இல்லை. பின்னால் வருகிறவர்களை நட்டாற்றில் விடாத ஆளாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால், நான் இருக்கிறேன்.