பச்சை தெரிந்த இடம்

— இன்னொருக்காச் சொல்றேன் வசந்தா. தண்ணி இருக்கற அடையாளம் இன்னைக்குக் கண்ணுல பட்டா போர் போட ரிக்கு வண்டியக் கூட்டியாரேன். படலீன்னா, நாளைக்குக் கெரயம் பேச வாரவங்கிட்ட சரீன்னு சொல்லிருவேன். இந்த வெள்ளாமக் காட்ட வித்துப்போட்டு நாமக்கல்ல லாரிப் பட்டறைக்குப் போயிருவோம்.

— சரீங்க மாமா. கண்ண நல்லாத் தொறந்து பாத்துட்டு நடங்க.

— அப்பா, வேம்பு பூத்திருக்குது!

— பங்குனியில வேம்பு பூக்காம என்ன பண்ணும் ராசாத்தி? அது எந்த வறட்டுக் காட்டுலயும் பூக்கும். கணக்குல சேராது.

— கொன்னைங்கப்பா?

— அது வெயிலத் தின்னுட்டுப் பூக்கறது சாமி. அதுவும் சேராது.

— வேலிக்குள்ள செம்போத்து பூந்துருச்சு, பாருங்க!

— செம்போத்து கண்ணுல பட்டா நல்லதுங்க மாமா.

— ஆமா, ரெண்டு வருசமா தெனமும் படுது. கெணத்துல ஒரு பொட்டுத் தண்ணி ஊறுச்சா?

— அப்பா, அந்தப் பாறை மேல அத்தி! அடிமரத்துல இருந்தே காயி. எத்தன பச்சப் புறா உக்காந்திருக்குது!

— அத்தி நல்ல அடையாளந்தான் கண்ணு. ஆனாப் பாறை மேலயா? சந்துல மழத்தண்ணி தேங்கியிருக்கும்.

— மழையே பேயலீங்களேப்பா?

— ராசாத்தி, அப்பனோட வாயாடாம நட. ஏனுங்க, பள்ளத்துக்குப் போலாம் வாங்க. புத்துகிட்டப் பாக்கலாம்.

— அட, வசந்தா! புத்தச் சுத்தி அருகம்புல்லு மெத்தையாட்டக் கெடக்குது! போன மாசம் பொடி பறந்த எடம். மண்ணத் தொட்டுப் பாரு, சில்லுங்குது!

— தவளகூட இருக்குதுங்கப்பா!

— புத்து, அருகு, தவளை. இதுக்கு மேல என்ன வேணும்? நாளைக்கே ரிக்கு இங்க வந்து நிக்கணும். கெரயமுமாச்சு, மண்ணுமாச்சு!

— அப்ப அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லிருங்க மாமா.

— அப்பா, இது என்ன செடி? கிள்ளி மோந்தா தக்காளி வாசம் அடிக்குது.

— தக்காளியா? நட்ட நடுக் காட்டுல தக்காளி ஆரு போட்டா?

— மொளகா நாத்தும் இருக்குது. அய்ய, சோத்துப் பருக்கைய எறும்பு இழுத்துட்டுப் போவுது!

— வசந்தா... இப்படித் திரும்பு. பாத்தரங் கழுவுன தண்ணியா?

— ஆமாங்க. நீங்க எந்திரிக்கறதுக்கு முந்தி, தெனமும் கொடத்துல கொண்டாந்து ஊத்துனேன். விக்க வேண்டாம்னு வாயால எத்தன தடவ சொன்னேன்? கேட்டீங்களா?

— அடிப்பாவி! இதை நம்பிப் போர் போட்டு, தண்ணிக்குப் பதிலா வெறும் பொகை வந்திருந்தா?

— ரிக்கு வாரதுக்குள்ள சொல்லியிருப்பேனுங்க. நாளைக்கு வாரவன் திரும்பிப் போனாப் போதும்னு நெனச்சேன். மாமா, நீங்க பட்டறைக்குப் போங்க, எங்க வேண்ணாலும் போங்க. நானும் எம்புள்ளையும் இந்தக் காட்ட உட்டு அசைய மாட்டோம்.

— பொய்யி புடிபட்டும் திமிரு கொறையலயே உனக்கு! சொல்லு, அந்த அத்திக்கும் நீதான ஊத்துன?

— நல்லாக் கேட்டீங்க. அந்தப் பாறை மேல கொடத்தத் தூக்கிட்டு நான் எப்படிங்க ஏறுவேன்?