டீக்கு நானும் காசு போடுவேன்

விஜயநகர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் அரசுப் பள்ளி டீச்சர்கள் இருவர். இளையவர் திடீரென்று சொன்னார்:

"இனிமே ஸ்டாஃப் ரூம் டீக்கு என்கிட்டயும் காசு வாங்கோணுங்க்கா!"

"கெஸ்ட் டீச்சர்கிட்ட யாராச்சும் வாங்குவாங்களா, கண்ணு? பாவம், உனக்குப் பாதிச் சம்பளம்."

"அந்தப் பாவந்தானுங்க்கா தொண்டையிலயே நின்னுச்சு! கோர்ட்டுல போட்ட சம்பளக் கேஸ் ஜெயிச்சாச்சு. உங்க சம்பளமேதான் இனி எனக்கும். மத்தியானந்தான் வக்கீல் போன் பண்ணினாரு."

"ஹௌதா! நிஜமாவா?" மூத்தவர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நிஜந்தானுங்க்கா. ஓசியில குடிச்சதால இத்தனை வருஷமா வாயத் தொறக்கல. நாளைக்குக் காசு போட்டதும் மொத வேலையா, டீ வெறும் தண்ணியா இருக்குதுன்னு சொல்லப்போறேன்."

"சொல்லிரு சாமி! காசு போட்டும் எங்களுக்கு அந்தத் தைரியம் வரல."